ஒரு கையில் கத்தரிக்கோல், மறுகையில் டிக்கெட்: பிலிப்பைன்ஸ் பாலுணர்வுப் படங்களின் கதை

1985இல் மணிலாவில் இரண்டு படங்களுக்கு இரண்டு விதமான கதி நேர்ந்தது. லினோ பிரோக்கா இயக்கிய ‘பாயன் கோ: காபிட் சா பட்டாலிம்’ ஓர் அச்சகத் தொழிலாளியின் கதை. வேலைநிறுத்தத்துக்கும் கர்ப்பிணி மனைவியின் மருத்துவச் செலவுக்கும் நடுவில் சிக்கி அவன் திருடனாகிறான். முந்தைய ஆண்டு கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற படம் அது. அதை வெட்டச் சொன்னது தணிக்கை வாரியம், வயது வந்தோருக்கு மட்டும் என்றும் முத்திரை குத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதே ஆண்டு, அரசின் சொந்தக் கட்டடமான மணிலா ஃபிலிம் சென்டரில் ‘ஸ்கார்ப்பியோ நைட்ஸ்’ ஒரு வெட்டும் இல்லாமல் ஓடியது. ஒரு கல்லூரி மாணவன், கீழ்வீட்டுக் காவலாளியின் மனைவியோடு கொள்ளும் கள்ள உறவைத் தமிழ்ச் சொற்களில் விவரிக்கவே கூச்சம் தரும் அளவுக்கு வெளிப்படையாகக் காட்டிய படம்.

பிலிப்பைன்ஸில் பாலுணர்வுப் படங்களின் வரலாற்றைப் பெரும்பாலும் ஒழுக்கத்தின் கதையாகச் சொல்வார்கள். கத்தோலிக்கத் திருச்சபை ஒருபக்கம், பணத்தாசை பிடித்த தயாரிப்பாளர்கள் மறுபக்கம் என்று. அது பாதிக் கதைதான். மீதிப் பாதியில் இருப்பது அரசு. எப்போது உடலைக் காட்டலாம், எப்போது கூடாது என்பதை அங்கே திரும்பத் திரும்ப முடிவு செய்தது அறநெறி அல்ல, அன்றைய ஆட்சியின் தேவை.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு தொடங்கிய சினிமா அது. 1919இல் முதல் படத்தைத் தந்த ஹோசே நெப்பொமுசேனோவே 1926இல் ‘தட்லோங் ஹம்போக்’ படத்தில் முதல் திரை முத்தத்தையும் தந்தார். முத்தம் பெற்ற நடிகை இசபெல் ரொசாரியோ கூப்பர், பிற்பாடு அமெரிக்க ஜெனரல் டக்ளஸ் மெக்கார்தரின் ரகசியக் காதலியாக வரலாற்றில் இடம்பிடித்தார். அதன்பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் திரை அடக்கமாகவே இருந்தது. பெரிய ஸ்டூடியோக்கள் குடும்பச் சொத்துகளாக இருந்தன. நடிகையின் பாவாடை எவ்வளவு நீளம் என்பதுவரை முதலாளியம்மாக்கள் கவனித்த காலம். 1961இல் எல்.வி.என். ஸ்டூடியோ படத் தயாரிப்பை நிறுத்தியது. மற்ற பெரிய நிறுவனங்களும் அந்தப் பத்தாண்டுகளில் தளர்ந்தன. அவற்றின் இடத்துக்கு வந்தவர்கள் சிறுமுதல் தயாரிப்பாளர்கள். கையில் நட்சத்திரமும் இல்லை, அரங்கமும் இல்லை. எதைப் போட்டால் முதல் வாரத்திலேயே முதல் திரும்பும் என்பது மட்டுமே அவர்கள் கேள்வி.

பதில் 1970இல் கிடைத்தது. மெர்லே ஃபெர்னாண்டஸ் நடித்த ‘உஹாவ்’, அதாவது ‘தாகம்’, கூட்டத்தை அள்ளியது. ‘பொம்பா’ என்று மக்கள் பெயரிட்ட படங்கள் அதன்பின் வரிசை கட்டின. அதே ஆண்டின் முதல் மூன்று மாதங்களில்தான் மாணவர்கள் மணிலாத் தெருக்களில் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸின் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பிளாசா மிராண்டாவில் எதிர்க்கட்சிக் கூட்டத்தின்மீது கையெறி குண்டுகள் விழுந்தன. தெருவிலும் திரையிலும் ஒரே நேரத்தில் கட்டுப்பாடு தளர்ந்த காலம் என்று அதைச் சொல்லலாம்.

பொம்பாப் படங்களின் தொழில்நுட்பம் எளிமையானது, கில்லாடித்தனமும் உண்டு. தணிக்கைக்குப் போகும் பிரதி ஒன்று, திரையரங்குக்குப் போகும் பிரதி வேறு. தணிக்கையில் தேறிய ரீலுக்கு நடுவே தனியாகப் படமாக்கிய சில நிமிடத் துண்டைச் செருகுவார்கள். அதன் பெயர் ‘சிங்கிட்’. மாகாணத்துச் சிறு அரங்குகளில்தான் இது அதிகம் நடக்கும். ஆய்வாளர் வரும் தகவல் கிடைத்தால் துண்டை எடுத்துவிடலாம், அவர் போனபின் திரும்ப ஒட்டலாம். துண்டில் இருப்பவர்கள் கதையின் நடிகர்களாகவே இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. கதாநாயகியின் முகத்திலிருந்து யாரோ ஒருத்தியின் உடலுக்குப் படம் தாவும். பார்வையாளர்கள் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்டதில்லை.

1972 செப்டம்பரில் மார்க்கோஸ் ராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். ‘புதிய சமுதாயம்’ என்ற முழக்கத்தோடு ஒழுக்கமும் வந்தது. படம் எடுத்த பிறகு மட்டுமல்ல, எடுப்பதற்கு முன்பே திரைக்கதையைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்றானது. பொம்பா ஒரே இரவில் மறைந்தது.

ஆனால் நிர்வாணத்தை மட்டும் தடை செய்தால், துணி உடுத்தியும் அதே வேலையைச் செய்யலாம் என்பதை இயக்குநர் செல்சோ காஸ்டில்லோ 1974இல் காட்டினார். ‘பூமியின் மிக அழகான விலங்கு’ என்று பொருள்படும் தலைப்புடைய அந்தப் படத்தின் நாயகி குளோரியா டியாஸ், 1969இல் பிலிப்பைன்ஸுக்கு முதல் பிரபஞ்ச அழகிப் பட்டத்தை வாங்கித் தந்தவர். சிக்கோகோன் தீவின் கடற்கரையில் நனைந்த உடையோடு அவர் ஓடும் காட்சிதான் படத்தின் மொத்த விளம்பரமும். சட்டப்படி அவர் முழுமையாக உடுத்தியிருக்கிறார். தணிக்கைக்காரர் எதைச் சுட்டிக்காட்டி வெட்டுவார்? ‘ஈரத் தோற்றம்’ என்ற வகையே இதிலிருந்து பிறந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குப் பிலிப்பைன்ஸ் கதாநாயகிகள் காரணமே இல்லாமல் ஆற்றில் விழுந்துகொண்டிருந்தார்கள்.

காஸ்டில்லோவை வெறும் வணிகர் என்று ஒதுக்கிவிட முடியாது. 1977இல் அவர் எடுத்த ‘பர்லெஸ்க் குயின்’, குழந்தை நட்சத்திரமாக வளர்ந்து இனிய பிம்பத்தோடு இருந்த வில்மா சாண்டோஸை ஆடையவிழ்ப்பு மேடைக்குக் கொண்டுவந்தது. ஊனமுற்ற தந்தையைக் காப்பாற்ற ஆட வரும் பெண். கடைசி நடனத்தில் கூட்டம் கூச்சலிட, அவள் வயிற்றுக் கருவை இழந்தபடியே ஆடித் தீர்க்கிறாள். பார்க்க வந்த ஆண்களையே படம் திரும்பிப் பார்க்கும் இடம் அது. அந்த ஆண்டின் மெட்ரோ மணிலா விழாவில் பெரும்பாலான விருதுகள் அதற்குப் போயின, சர்ச்சையும் கூடவே வந்தது. வில்மா பின்னாளில் பட்டாங்காஸ் மாகாண ஆளுநரானார். இந்த வகைப் படங்களில் நடித்தால் வாழ்க்கை போயிற்று என்ற பொதுக் கருத்து அந்த நாட்டுக்கு அப்படியே பொருந்தாது. ‘ஸ்கார்ப்பியோ நைட்ஸ்’ மாணவனாக நடித்த டேனியல் ஃபெர்னாண்டோவும் இன்று புலாக்கான் மாகாண ஆளுநர்தான்.

1980இல் இஷ்மாயில் பெர்னால் ‘மணிலா பை நைட்’ எடுத்தார். தன்பாலீர்ப்பாளரான தையற்கலைஞர், போதைப்பொருள் விற்கும் லெஸ்பியன் பெண், பார்வையற்ற மசாஜ் தொழிலாளி என்று இரவு நகரத்தின் மனிதர்களைப் பின்னிய படம். தணிக்கை அதில் ஏராளமாக வெட்டியது; ஆனால் வாரியத்தைச் சங்கடப்படுத்தியது உடல்கள் மட்டுமல்ல. தலைப்பிலிருந்தே ‘மணிலா’ நீக்கப்பட்டு ‘சிட்டி ஆஃப்டர் டார்க்’ என்று மாற்றப்பட்டது, வசனத்தில் ஊர்ப்பெயர் வரும் இடங்களும் அழிக்கப்பட்டன. பெர்லின் விழா அழைத்தும் படம் நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கிடைக்கவில்லை. அதிபரின் மனைவி இமெல்டா மார்க்கோஸ் தலைநகரத்தின் ஆளுநராக இருந்த காலம். தான் வெள்ளையடித்து வைத்த நகரம் அழுக்காகத் தெரிவதை அவர் பொறுக்கவில்லை.

அதே இமெல்டாதான் மணிலாவை ஆசியாவின் கான் ஆக்க ஆசைப்பட்டார். கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில், கிரேக்கப் பார்த்தெனான் கோவிலின் சாயலில் ஃபிலிம் சென்டர் எழுந்தது. 1982 ஜனவரியில் சர்வதேச விழா தொடங்கியாக வேண்டும் என்பதால் இரவு பகலாக ஷிஃப்ட் முறையில் வேலை நடந்தது. 1981 நவம்பர் 17 அதிகாலையில் சாரம் சரிந்து, தொழிலாளர்கள் இன்னும் இறுகாத சிமென்ட்டுக்குள் விழுந்தார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பது இன்றுவரை தகராறுக்குரிய கணக்கு. மீட்புக்காரர்களையும் செய்தியாளர்களையும் பல மணி நேரம் உள்ளே விடவில்லை. விழா குறித்த நாளில் நடந்தது.

அடுத்த ஆண்டு விழாவுக்குப் பணம் இல்லை. பிரதமர் சேசார் விராட்டா அரசு நிதி தர மறுத்துவிட்டார். விழாவின் பெயரில் நகரத்துத் திரையரங்குகளில் வெட்டப்படாத படங்களைப் போட்டு வசூலிப்பது என்று வழி கண்டுபிடித்தார்கள். கலைப்படம் என்ற பட்டியலில் வெறும் பாலுறவுப் படங்கள் பல நுழைந்தன. அரங்குகளின் வாசலில் கூட்டம் அலைமோதியது. ராணுவச் சட்டம் ஒழுக்கத்தின் பெயரால் பூட்டிய கதவை அரசே திறந்து டிக்கெட் கிழித்தது.

இதற்கு நிறுவன வடிவம் கொடுத்தது ‘எக்ஸ்பெரிமெண்டல் சினிமா ஆஃப் தி பிலிப்பைன்ஸ்’ என்ற அரசு அமைப்பு. 1982இல் அதிபரின் நிர்வாக ஆணையால் உருவானது. தலைமை இயக்குநர் மார்க்கோஸின் மகள் ஐமி, இன்றைய செனட்டர். இந்த அமைப்பை ஒரே வரியில் திட்டித் தீர்க்க முடியாததுதான் சுவாரசியம். பெர்னாலின் ‘ஹிமாலா’, பெக்கே கல்லாகாவின் ‘ஓரோ, பிளாட்டா, மாட்டா’ ஆகிய இரண்டு மகத்தான படங்களும் அதன் பணத்தில் எடுக்கப்பட்டவை. தரமான படங்களுக்கு வரிச்சலுகை தரும் திட்டமும் அதன் காலத்தில்தான் வந்தது. ஆனால் 1983 ஆகஸ்டில் எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு பொருளாதாரம் சரிந்தது, கஜானா காய்ந்தது. தணிக்கையிலிருந்து விலக்குப் பெற்ற ஒரே அரங்கம் ஃபிலிம் சென்டர். அங்கே எதைப் போட்டால் பணம் வரும் என்பது 1983இலேயே தெரிந்துவிட்டது. ‘போட்மேன்’, ‘ஸ்னேக் சிஸ்டர்ஸ்’, ‘இஸ்லா’, ‘வர்ஜின் ஃபாரஸ்ட்’ என்று படங்கள் வரிசையாக வந்தன.

மக்களின் கவனத்தைக் கொலையிலிருந்தும் பட்டினியிலிருந்தும் திருப்பத்தான் மார்க்கோஸ் இவற்றை அனுமதித்தார் என்பது அன்றைய எதிர்ப்பாளர்களின் வாதம். எனக்கு இதில் அரைச் சம்மதம்தான். கவனம் திரும்பியதாகத் தெரியவில்லை; அதே மக்கள்தான் 1986 பிப்ரவரியில் மார்க்கோஸை வீழ்த்த மணிலாவின் எட்ஸா சாலையை நிறைத்தார்கள். பணத்தேவை என்ற விளக்கமே இன்னும் நேராகப் பொருந்துகிறது. திசைதிருப்பும் வாதம் மறைக்கும் இன்னொரு உண்மையும் உண்டு. அந்தத் திறந்த கதவு வழியே உள்ளே போன சில இயக்குநர்கள், உடலை முன்னால் நிறுத்தி அதன் பின்னால் வேறு சரக்கைக் கடத்தினார்கள்.

கல்லாகா இயக்கிய ‘ஸ்கார்ப்பியோ நைட்ஸ்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். மணிலாவின் ஒடுக்கமான பழைய மரவீடு. மாடியில் மாணவர்கள், கீழே செக்யூரிட்டி காவலாளியும் மனைவியும். மாடித் தரையின் பலகையில் ஓர் ஓட்டை. இரவுப் பணி முடிந்து கணவன் வருவான், துப்பாக்கியைக் கழற்றி வைப்பான், சாப்பிடுவான், முதுகு காட்டிப் படுத்திருக்கும் மனைவியை ஒரு வார்த்தை பேசாமல் நெருங்குவான். அவள் விழிக்கிறாளா என்பதுகூடத் தெரியாது. மாணவன் தினமும் ஓட்டை வழியே இதைப் பார்க்கிறான், வரிசையை மனப்பாடம் செய்கிறான். ஒருநாள் கணவன் வருவதற்கு முன் அதே வரிசைப்படி அந்த இடத்தில் போய்ப் படுக்கிறான். கடைசியில் துப்பாக்கி பேசுகிறது, மூவரும் பிணங்கள். ஊரடங்கில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அந்த வீடு எதுவென்று விளக்க வேண்டியதில்லை. சீருடை அணிந்தவன் வருகிறான், கேட்காமல் எடுத்துக்கொள்கிறான், எல்லோரும் தூங்குவதுபோல் கிடக்கிறார்கள். கல்லாகா இப்படி நினைத்துத்தான் எடுத்தார் என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. படம் அந்த வாசிப்பைத் தாங்குகிறது, அவ்வளவு போதும்.

அதே 1985இல் வந்த ‘சிலிப்’ இன்னும் கொடூரமானது. எல்வுட் பெரெஸ் இயக்கம், ‘ஹிமாலா’ எழுதிய ரிக்கி லீயின் எழுத்து. ராணுவச் சட்டக் காலத்தில் சிறையில் இருந்தவர் ரிக்கி லீ. மணற்குன்றுகளுக்கு நடுவே உப்புக் காய்ச்சும் ஒரு கிராமம், காமத்தைப் பாவம் என்று போதிக்கும் பெண், நகரத்திலிருந்து திரும்பி வரும் அவள் தோழி. ஊர் கூடி மனிதர்களைத் தண்டிக்கும் இறுதிக் காட்சியில் கிளர்ச்சி தரும் எதுவும் இல்லை. ‘ஹிமாலா’வில் ஒரு பெண்ணைத் தெய்வமாக்கிய கூட்டம் இங்கே கொலைகாரக் கூட்டமாக வருகிறது, எழுத்தாளர் ஒருவரே.

பிரோக்காவின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985 ஜூலை 22 அன்று தீர்ப்பளித்தது. வாரியத்தின் அதிகாரம் படங்களை வகைப்படுத்துவதோடு நிற்க வேண்டும், தெளிவான உடனடி ஆபத்து இருந்தால் மட்டுமே தடுக்கலாம் என்றது. கொள்கையளவில் பெரிய வெற்றி. ஆனால் வயது வந்தோருக்கு மட்டும் என்ற முத்திரையை ரத்து செய்யப் போதிய நீதிபதிகள் சேரவில்லை என்று மனு தள்ளுபடியானது. தத்துவம் பிரோக்காவுக்கு, தீர்ப்பு வாரியத்துக்கு.

இந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது இயக்குநர்களின் தந்திரத்தை மட்டும் மெச்சிக்கொண்டிருந்தால் அது அநியாயம். படங்களின் விலையைக் கொடுத்தவர்கள் பெண்கள், அதிலும் சிறுமிகள். ஒரு மேலாளர் தன் நடிகைகளுக்குக் குளிர்பானங்களின் பெயரைச் சூட்டினார்: பெப்சி பலோமா, சார்சி இம்மானுவேல், கோகா நிக்கோலஸ். பாட்டிலின் பெயரை வைத்த பெண்ணை எப்படி நடத்துவார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? பெப்சி பலோமா பதின்ம வயதில் திரைக்கு வந்தவர். 1982இல் தன்னைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகச் சில பிரபலங்கள்மீது புகார் கொடுத்தார். புகார் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. 1985 மே மாதம் அவர் இறந்து கிடந்தார். தற்கொலை என்று பதிவானது. இருபது வயதுகூட ஆகவில்லை. 2025இல் அவரைப் பற்றிய ஒரு படத்தின் முன்னோட்டமே நீதிமன்றம் வரை போனது.

மார்க்கோஸ் வீழ்ந்ததும் எல்லாம் சுத்தமாகிவிடவில்லை. உண்மையான உடலுறவைக் காட்டும் ‘பெனே’ படங்கள் 1986இலும் ஓடின. பிறகு, கொல்லப்பட்ட அக்கினோவின் மனைவி கோரசோன் அக்கினோவின் ஆட்சியில் வாரியத் தலைவரான மானுவல் மொராட்டோ கத்தரிக்கோலைக் கூர்தீட்டினார். சர்வாதிகாரத்தை எதிர்த்துச் சிறை சென்ற பிரோக்கா, ஜனநாயகத்திலும் அதே சண்டையைப் போட வேண்டியிருந்தது. ஆண் நடனக்காரர்களின் மது விடுதியைப் பற்றிய அவரது ‘மச்சோ டான்சர்’ 1988இல் உள்நாட்டில் வெட்டுப்பட்டது. வெட்டாத பிரதியை அவர் வெளிநாட்டுக்குக் கடத்தினார். 1994இல் ஸ்பீல்பெர்க்கின் ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ படத்திலேயே படுக்கையறைக் காட்சியை வெட்டச் சொன்னது வாரியம். படுகொலைக் காட்சிகளில் ஆட்சேபம் இல்லை! ஸ்பீல்பெர்க் படத்தையே திரும்பப் பெறுவதாகச் சொன்னதும் அதிபர் ராமோஸ் தலையிட்டு வெட்டில்லாமல் வெளியிட வைத்தார்.

தொண்ணூறுகளின் சந்தைப் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. செய்கோ ஃபிலிம்ஸ் போன்ற நிறுவனங்கள் வார்ப்பு அச்சில் தயாரித்தன. பெயர்கள் மாறின, படம் ஒன்றுதான். ரொசான்னா ரோசெஸ் மட்டும் விதிவிலக்கு. விலைமாது வேடத்தில் அவர் நடித்த ‘லிகாயா’ இன்றும் நிற்கும்.

2001இல் அரசியல் மறுபடி குறுக்கே வந்தது. எஸ்ட்ராடா ஆட்சியில் வாரியத் தலைவராக இருந்த அர்மிடா சிகுயோன்-ரெய்னா தாராளமானவர். ஜனவரியில் எஸ்ட்ராடா வீழ்ந்தார். வீழ்த்திய மக்கள் திரளின் முன்வரிசையில் கார்டினல் ஹைமே சின் நின்றார். குளோரியா அரோயோ அதிபரானார். மேடையில் உடலுறவு நிகழ்த்திக் காட்டிப் பிழைப்பவர்களைப் பற்றிய ‘லைவ் ஷோ’ அப்போது திரையில் இருந்தது. கார்டினல் கண்டித்தார், அரோயோ படத்தை நிறுத்தினார். அவரே நியமித்த வாரியத் தலைவர் நிக்கானோர் தியோங்சன் பதவி விலகினார். ஹோசே ஹாவியர் ரெயெஸின் அந்தப் படத்தில் கிளர்ச்சியைவிட வறுமையே அதிகம் என்பதை எதிர்த்தவர்களில் எத்தனை பேர் பார்த்துத் தெரிந்துகொண்டார்களோ!

அதே 2001இல் வந்த ஜெஃப்ரி ஜெத்துரியனின் ‘துஹோக்’ இந்த வகை தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய படம். குடும்பத்துக்குள் நடந்த வன்கொடுமைக்கு ஆளான ஒரு கிராமத்துத் தாயையும் மகளையும் தேடிச் சினிமாக்காரர்கள் வருகிறார்கள், அனுதாபத்தோடு கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு இருவரும் திரையரங்கில் உட்கார்ந்து தங்கள் கதையைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு நடந்த கொடுமை அங்கே நீர்வீழ்ச்சியும் வியர்வையுமாக, பின்னணி இசையோடு, இன்பமாக ஓடுகிறது. பக்கத்து இருக்கை ஆண்கள் ரசிக்கிறார்கள். இந்த நாட்டின் பாலுணர்வுப் படங்களில் ஒன்றே ஒன்றைப் பார்க்க நேரமிருந்தால் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

தணிக்கையால் முடியாததை அதன்பின் வணிக வளாகங்கள் முடித்தன. 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான படங்களைத் தன் அரங்குகளில் திரையிடுவதில்லை என்று நாட்டின் மிகப்பெரிய வளாகச் சங்கிலியான எஸ்.எம். முடிவெடுத்தது. தனி அரங்குகள் ஏற்கெனவே மூடிக்கொண்டிருந்தன. அந்தச் சாவைத்தான் பிரில்லான்டே மெண்டோசா 2008இல் ‘செர்பிஸ்’ ஆக்கினார். ஆஞ்சலெஸ் நகரில் ஒரு பாழடைந்த திரையரங்கு, பெயர் ‘ஃபேமிலி’. ஒரு குடும்பம் அதற்குள்ளேயே வாழ்ந்து பழைய பாலுணர்வுப் படங்களை ஓட்டுகிறது. இருட்டு இருக்கைகளில் ஆண் விலைமாதர்கள் வாடிக்கையாளர் தேடுகிறார்கள். ஒரு காட்சியில் எங்கிருந்தோ ஓர் ஆடு அரங்குக்குள் புகுந்துவிடுகிறது. விளக்கைப் போட்டதும் இருட்டில் இருந்தவர்கள் எல்லோரும் ஓட்டம் பிடிக்கிறார்கள். பிரோக்காவுக்குப் பின் கான் போட்டிப் பிரிவுக்குப் போன முதல் பிலிப்பைன்ஸ் படம் இது. அந்தக் குடும்பத்தில் ஒருத்தியாக நடித்த ஜாக்லின் ஹோசே, ‘போல்ட்’ என்று அழைக்கப்பட்ட எண்பதுகளின் பாலுணர்வுப் படங்களில் நடிக்கத் தொடங்கியவர்; 2016இல் மெண்டோசாவின் ‘மா ரோசா’வுக்காகக் கானில் சிறந்த நடிகை விருது வாங்கினார்.

2021 ஜனவரியில், கொரோனாவால் அரங்குகள் பூட்டிக் கிடந்தபோது, விவா நிறுவனம் விவாமேக்ஸ் என்ற ஸ்ட்ரீமிங் தளத்தைத் தொடங்கியது. இப்போது அதன் பெயர் வி.எம்.எக்ஸ். வளைகுடாவிலும் பிற நாடுகளிலும் தனியறையில் வாழும் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களும் அதன் குறியில் இருக்கும் சந்தை. அங்கே ‘ஸ்கார்ப்பியோ நைட்ஸ்’ மூன்றாம் பாகம் கண்டது; ‘வர்ஜின் ஃபாரஸ்ட்’ படத்தை மெண்டோசாவே மறுபடி எடுத்தார்; ரிக்கி லீயும் எழுதினார். சுதந்திரம் தாராளம், தணிக்கை இல்லை. ஆனால் வாரத்துக்கொரு படம் என்ற வேகத்தில், கடத்துவதற்கான சரக்கு காணாமல் போய்விட்டது என்பது என் எண்ணம். கதவு முழுக்கத் திறந்திருக்கும்போது யாரும் எதையும் ஒளித்துக்கொண்டு போவதில்லை.

ஸ்ட்ரீமிங்கையும் வாரியத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று செனட்டில் குரல்கள் எழுந்துள்ளன. வாரியத்தின் அதிகாரம் திரையரங்குக்கும் தொலைக்காட்சிக்கும் மட்டுமா, கைப்பேசித் திரைக்கும் உண்டா என்பதுதான் சண்டை. அந்த அதிகாரத்தை வகுத்த ஆணை 1985 அக்டோபர் 5 அன்று அதிபர் மார்க்கோஸ் கையெழுத்திட்டது. அதைத் திருத்தும் சட்டம் ஒன்று இப்போது நிறைவேறினால், கையெழுத்துக்காக இன்றைய அதிபரான அவர் மகனின் மேசைக்குத்தான் போகும்.